பைரனீஸ் மலையின் ரோமனெஸ்க் கோயில்கள்: சுவர் ஓர் ஊரில், ஓவியம் ஓர் ஊரில்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "ஜூன் மாதம் குடும்பத்தோடு பார்சிலோனா போகிறோம். மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. பைரனீஸ் மலையில் 900 வருடப் பழைய ரோமனெஸ்க் சிற்றாலயங்கள் இருக்கின்றன என்கிறார்கள். ஆனால் அங்கிருந்த ஓவியங்களையெல்லாம் பெயர்த்துப் பார்சிலோனாவுக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். அப்படியானால் மலைக்குப் போவது வீண்தானே? போவதென்றால் எங்கே, எதைப் பார்ப்பது?"

வீண் இல்லை. ஓவியத்தைப் பெயர்த்தது உண்மைதான். அந்தக் கதை தெரிந்து போனால் இரண்டு இடமும் சுவைக்கும். தெரியாமல் போனால் இரண்டுமே பாதிதான். என் யோசனை: முதலில் பார்சிலோனாவில் அரை நாள் அருங்காட்சியகம், அப்புறம் மலையில் இரண்டு இரவு. இடம், போயீ பள்ளத்தாக்கு. (வேகமாகப் படித்தால் நம் "போயி" போல ஒலிக்கும். பேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் மனதில் நிற்கும்.)

பைரனீஸ் முழுக்க ரோமனெஸ்க் ஆலயங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பிரான்ஸ் பக்கம், அந்தோரா, அரகோன், கத்தலோனியா என்று எங்கே திரும்பினாலும் ஒன்று தென்படும். இரண்டு மூன்று நாள்தான் என்பவருக்கு நான் போயீயைச் சொல்வதற்குக் காரணம், ஒரே பள்ளத்தாக்கில் ஒன்பது ஆலயங்கள் நெருங்கி நிற்பதுதான். கத்தலோனியாவின் லைய்தா மாகாணத்தில், ஆல்த்தா ரிபகோர்சா வட்டாரத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஒன்பதையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. தாவுல் என்ற ஊரில் இரண்டு, போயீ, எரில் லா வல், பர்ருவேரா, கர்தெட், கோல் ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று, துர்ரோவில் ஊருக்குள் ஒன்றும் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒன்றும்.

முதலில் எழும் கேள்வி, இத்தனை சிறிய மலை ஊர்களுக்கு இவ்வளவு உயரமான மணிக்கோபுரங்கள் எதற்கு, காசு எங்கிருந்து வந்தது என்பது. எரில் என்ற பிரபுக் குடும்பம் இந்தப் பக்கத்தை ஆண்டது. அரகோன் மன்னர் முதலாம் அல்ஃபோன்சோ தெற்கே முஸ்லிம் அரசுகளோடு நடத்திய போர்களில் அவர்களும் சேர்ந்தார்கள். 1118இல் சரகோசா விழுந்தது. கொள்ளையிலும் வெகுமதியிலும் கிடைத்த பணம் மலைக்கு வந்து கல்லாக மாறியது. தாவுல் ஊரில் இரண்டு ஆலயங்களையும் ரோதா-பார்பாஸ்த்ரோ மறைமாவட்ட ஆயர் ராமோன் அடுத்தடுத்த நாளில் புனிதப்படுத்தினார்: 1123 டிசம்பர் 10 அன்று சான் கிளிமென், 11 அன்று சாந்தா மரியா. 1,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் பனியில், ஆயர் இன்னொரு தடவை ஏறி வர வேண்டாமே என்று ஒரே பந்தலில் இரண்டு கல்யாணத்தை முடித்த மாதிரி இருக்கிறது. இது என் ஊகம்தான். தேதிக்குச் சான்று இருக்கிறது: சான் கிளிமென் ஆலயத் தூண் ஒன்றில் லத்தீனில் எழுதி வைத்திருந்தார்கள்.

சரி, ரோமனெஸ்க் என்றால் என்ன? கட்டடக்கலைப் பாடம் எடுக்கப் போவதில்லை. கூர் வளைவு இல்லாமல் அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்னச் சன்னல், கிழக்குக் கோடியில் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் பலிபீட மாடம். இவ்வளவு தெரிந்தால் போதும். இந்தப் பள்ளத்தாக்கின் பாணி வட இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து வந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது ஒவ்வொரு தளத்தின் தலையிலும் சின்னச் சின்ன வளைவுகள் தோரணம் கட்டியது போல ஓடும். திறப்பில்லாத வெறும் அலங்கார வளைவுகள். அவற்றுக்கு மேல் கற்களை மூலைவாட்டில் திருப்பி வைத்து ரம்பப் பல் போல ஒரு வரி. சன்னல்களுக்கு நடுவே ஒல்லியான ஒரு தூண். செதுக்கல் வேலை அதிகம் கிடையாது. கல்லை அடுக்குகிற விதமும் நிழல் விழுகிற விதமும்தான் அலங்காரம். கூரை மரச்சட்டத்தின்மேல் பலகைக்கல்.

இப்படியே மிஞ்சியதற்குக் காரணம் பெருமை கொள்ளக்கூடியது அல்ல, வறுமைதான். பிற்காலத்தில் பணம் இருந்த ஊர்கள் பழையதை இடித்துவிட்டு கோதிக், பரோக் என்று புதிதாகக் கட்டிக்கொண்டன. இங்கே அதற்கு வழியில்லை. உள்ளே பழைய ஓவியத்தின் முன்னால் ஒரு பெரிய பீடத்திரையை (பலிபீடத்துக்குப் பின்னால் நிற்கும் அலங்காரப் பலகை) நிறுத்தி மறைத்தார்கள், அல்லது மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். மறைத்ததால்தான் பிழைத்தது.

இனி அந்தப் பெயர்த்தெடுத்த கதை. 1907இல் கத்தலான் ஆய்வுக் கழகம் ஒரு குழுவை இந்த மலைகளுக்கு அனுப்பியது. தலைமை, கட்டடக் கலைஞர் ஜுசெப் புச் இ கதஃபால்க். அவர்கள் பீடத்திரைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு ஓவியங்களை நகலெடுத்து அச்சிட்டு வெளியிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் அந்த அச்சுப் படங்களைக் கலை வியாபாரிகளும் பார்த்தார்கள். எந்த மலையில் எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. 1919இல் சாந்தா மரியா த முர் என்ற ஆலயத்தின் பீட மாடத்து ஓவியம் முழுதாக விலை பேசப்பட்டு உரித்தெடுக்கப்பட்டது. அது இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போதைய சட்டத்தில் அதைத் தடுக்க வழியில்லை.

பார்சிலோனாவின் அருங்காட்சியக வாரியம் பதறிப்போனது. ஜுவாகிம் ஃபோல்க் இ தோரஸ் முன்னின்று ஒரு முடிவெடுத்தார்கள்: மிச்சத்தை நாமே வாங்கி, நாமே பெயர்த்து, இங்கேயே வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கு யாரை அழைத்தார்கள் தெரியுமா? முர் ஓவியத்தை உரித்த அதே இத்தாலியக் கைகளை, ஃபிராங்கோ ஸ்டெஃபனோனியின் குழுவை. உள்ளூரில் யாருக்கும் அந்த வித்தை தெரியாது.

வித்தையின் பெயர் ஸ்டிராப்போ; இத்தாலியில் "பிடுங்குதல்" என்று பொருள். சுவர் ஓவியத்தின் முகத்தில் சூடான மிருகப் பசையைத் தடவிப் பருத்தித் துணியை ஒட்டுவார்கள். பசை காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது வண்ணப் படலத்தைப் பற்றி இழுக்கும். பிறகு துணியை ஓரத்திலிருந்து உரித்தால் சுவரின் மேல்தோல் மட்டும், மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில், துணியோடு வந்துவிடும். அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கோவேறு கழுதைமேல் ஏற்றி மலை இறக்கினார்கள். பார்சிலோனாவில் பின்பக்கத்தைச் சுத்தம் செய்து வேறு துணியில் ஒட்டி, முன்பக்கப் பசையை வெந்நீரால் இளக்கித் துணியைக் கழற்றி, பழைய மாடத்தின் வளைவுக்கே அளவெடுத்த மரக்கூட்டில் பொருத்தினார்கள். 1919இல் தொடங்கி 1923க்குள் பெரும்பகுதி முடிந்தது. அந்தத் தொகுப்புதான் இப்போது மொன்ஜுயிக் குன்றின்மேல் கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மலையில் இருப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், இரண்டு குரல் உண்டு. எடுக்காவிட்டால் எல்லாமே கடல் கடந்திருக்கும் என்பது ஒன்று. எங்கள் ஆலயத்தின் தோலை உரித்துக்கொண்டு போனார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சரி என்றே படுகிறது.

அருங்காட்சியகத்தில் எல்லா அறையையும் பார்க்க முயல வேண்டாம், மூச்சு முட்டும். சான் கிளிமென் மாடத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். நடுவில் கிறிஸ்து, பாதாம்பருப்பு வடிவ ஒளிவட்டத்துக்குள். ஆனால் அந்த வட்டம் அவரைக் கொள்ளவில்லை. ஆசி தரும் கையும் வெறும் பாதமும் கோட்டைத் தாண்டி வெளியே வருகின்றன. இடது கையில் திறந்த புத்தகம்: "எகோ சும் லுக்ஸ் முந்தி", உலகின் ஒளி நானே. முகத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். புருவக் கோடு அப்படியே இறங்கி மூக்காகிறது. தலைமுடி இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல. ஓவியர் பெயர் யாருக்கும் தெரியாது. "தாவுல் ஓவியர்" என்றுதான் சொல்கிறார்கள். நீல வண்ணத்துக்கு இந்த மலைகளில் கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்தை அரைத்தார்கள்.

பிறகு ஓரங்களுக்குப் போங்கள். எனக்குப் பிடித்தவை அங்கேதான். சிங்கத்தின் பின்னங்காலையும் காளையின் வாலையும் இரண்டு தேவதூதர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஓடிப்போய்விடுமோ என்கிற மாதிரி. அவை மாற்கு, லூக்கா என்ற நற்செய்தியாளர்களின் அடையாளங்கள். கீழே மரியாள் கையைத் துணியால் மூடி ஒரு கிண்ணத்தை ஏந்தி நிற்கிறாள். கிண்ணத்திலிருந்து சிவப்பாக ஒளி கிளம்புகிறது. வளைவில் ஓர் ஆட்டுக்குட்டிக்கு ஏழு கண்கள். அதற்குக் கீழே செல்வந்தர் வாசலில் கிடக்கும் இலாசர், அவர் புண்ணை நக்கும் நாய். அந்த நாய் ஒன்றுக்காகவே நான் இரண்டாம் தடவை போனேன். வெளியே வருமுன் மாடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: மரச்சட்டமும் விலாக்கட்டையுமாகக் கவிழ்த்த படகு போல இருக்கும். முன்பக்கம் சுவர் என்று நம்பிய பொருள் பின்பக்கம் தச்சு வேலை.

இப்போது மலை. தாவுல் ஊர் எல்லையில், புல்வெளி ஓரமாக சான் கிளிமென் நிற்கிறது. ஆறு தளக் கோபுரம். உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள், மேலே மரக்கூரை, கிழக்கே மூன்று மாடங்கள். நடு மாடத்தில் பல வருடங்களாக ஒரு நகல் ஓவியம் இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் சுவரும், ஓவியம் உரிக்கப்பட்டபோது ஒட்டிக்கொண்டு தங்கிவிட்ட அசல் துணுக்குகளும்தான். காயின் ஆபேலைக் கொல்லும் காட்சி அந்தத் துணுக்குகளில் ஒன்று.

அந்த வெறும் சுவரில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒளிப்படக் காட்சி நடக்கிறது, சுமார் பத்து நிமிடம். விளக்கு அணைந்ததும் சுவரில் முதலில் கோடுகள் மட்டும் ஓடும். கோட்டுக்குள் காவி, பிறகு நீலம், பிறகு முகம், கடைசியில் கண். ஓவியர் சாரத்தின்மேல் நின்று வரைந்த வரிசையில் ஓவியம் வளர்வதைப் பார்க்கிறோம். மாடம் முழுக்க வண்ணம் நிரம்பிய நிலையில் சில நொடி நிற்கும். அப்புறம் அணைந்து, பழையபடி கறை படிந்த சுண்ணாம்பு. இந்த ஜிகினாவெல்லாம் கோயிலுக்குள் தேவையா என்று முகம் சுளித்துக்கொண்டு போனவன் நான். காட்சி முடிந்து விளக்கு வந்தபோது பக்கத்திலிருந்த பாட்டியம்மா ஒருவர் எழுந்திருக்காமல் அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்: அங்கே பார்த்த முகம், இங்கே அதன் உண்மையான உயரத்தில், அதன் உண்மையான வளைவில், வந்து போகும்.

கோபுரத்துக்குள் மரப்படி உண்டு, குறுகலும் செங்குத்துமாக. முட்டிவலி இருப்பவர்கள் கீழேயே இருக்கட்டும்.

சாந்தா மரியா ஊருக்கு நடுவில், வீடுகள் சூழ இருக்கிறது. அதன் கோபுரம் லேசாகச் சாய்ந்திருப்பது சந்திலிருந்து பார்த்தால் தெரியும். இன்னமும் ஊர்க்காரர்களின் பங்குக் கோயில் இதுதான். பூசை நேரமாக இருந்தால் பின்வரிசையில் அமைதியாக நில்லுங்கள். இதன் ஓவியமும், மடியில் குழந்தையோடு மரியாள், கும்பிட வந்த மூன்று ஞானிகள், பார்சிலோனாவில்தான்.

தாவுலிலிருந்து போயீ ஊருக்குப் பழைய கல் பாவிய நடைபாதை இறங்குகிறது. கார் சாலை சுற்றிக்கொண்டு போகும். பாதையில் நடந்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் சேர்ந்துவிடலாம். 200 மீட்டர் இறக்கம். திரும்பி ஏறுவதுதான் பாடு. இந்த ஆலயங்களைக் காரில் ஒன்றொன்றாகத் தொட்டுவிட்டு வருபவர்களுக்கு ஒரு விஷயம் தவறிப்போகும்: ஒரு கோபுரம் கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்தது தெரியத் தொடங்கும். மணிக்கோபுரங்கள் காவலுக்கும் ஊருக்கு ஊர் சேதி சொல்லவும் பயன்பட்டன என்பார்கள். நடந்தால் நம்பத் தோன்றும்.

போயீயின் சான் ஜுவான் ஆலயத்தில் உள்சுவருக்கு முழுக்கப் பூச்சுப் பூசி, ஓவியங்களின் நகலை அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார்கள். இதைக் குறை சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு இது நல்ல பாடமாகப்பட்டது. பழைய ஆலயம் என்றால் நிர்வாணமான கருங்கல் என்று நம் கண் பழகிவிட்டது. அந்தக் காலத்தில் அது வண்ணமயமாக இருந்தது. புனித ஸ்தேவானைக் கல்லால் அடித்துக் கொல்லும் காட்சி, அதற்கு அருகிலேயே வித்தை காட்டும் கூத்தாடிகள், இன்ன மிருகம் என்று சொல்ல முடியாத மிருகங்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எரில் லா வல். சாந்தா எவுலாலியா ஆலயத்தின் ஆறு தளக் கோபுரம்தான் ஒன்பதிலும் ஒயிலானது. உள்ளே, சிலுவையிலிருந்து இயேசுவை இறக்கும் காட்சி, ஆளுயர மரச் சிற்பங்கள் ஏழு. இரண்டு பேர் உடலைத் தாங்குகிறார்கள், இரு பக்கமும் இரண்டு கள்வர்கள் சிலுவையில், ஓரத்தில் மரியாளும் யோவானும். இதன் அசலைத்தான் 1907இல் அந்தக் குழு கண்டெடுத்தது. இப்போது இங்கே பார்ப்பது நகல். ஏழில் ஐந்து விக் நகரத்து மறைமாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, மரியாளும் யோவானும் பார்சிலோனாவுக்கு. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைத்த மாதிரி நூறு வருடத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. இதே ஊரில் ரோமனெஸ்க் விளக்க மையம் ஒன்றும் உண்டு. ஒன்பது ஆலயங்களின் நேரம், கூட்டுச் சீட்டு எல்லாம் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

துர்ரோ தனியாக உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் ஆலயம் பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்டது. அதைவிட, ஊருக்கு மேலே சரிவில் தன்னந்தனியாக நிற்கும் சான் கிர்க் சிற்றாலயத்துக்குப் போங்கள். ஒன்பதில் "சிற்றாலயம்" என்ற சொல்லுக்கு முழுதாகப் பொருந்துவது இதுதான்: ஒரே கூடம், ஒரு மாடம், சின்ன மணிச்சுவர், சுற்றிலும் புல். பூட்டியிருந்தாலும் நட்டமில்லை. இங்கே இருந்த பீடப் பலகையைப் பார்சிலோனாவில் பார்த்திருப்பீர்கள்: மதத்துக்காகக் கொல்லப்பட்ட புனிதர்களான தாய் யூலித்தாவும் பிள்ளை கிர்க்கும் நடுவில், சுற்றி அவர்களை ரம்பத்தால் அறுப்பதும் கொப்பரையில் வேகவைப்பதும். அந்தப் பலகையில் இருவர் முகத்திலும் துளி வலி கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் போவதால் ஒரு கூடுதல் வாய்ப்பு. கோடைத் தொடக்கத்தில் இந்த ஊர்களில் "ஃபாயஸ்" திருவிழா நடக்கும்: இருட்டியபின் மலைமேலிருந்து எரியும் பைன் கட்டைகளைத் தோளில் சுமந்து ஊருக்குள் வரிசையாக இறங்குவார்கள். துர்ரோவில் ஜூன் நடுவில் தொடங்கி ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு தேதி. 2015இல் யுனெஸ்கோ இதை அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த வருடத் தேதியைக் கேட்டுக்கொண்டு தங்குமிடத்தைப் பதியுங்கள். அன்று அறை கிடைப்பது கஷ்டம்.

மற்ற மூன்றில் பர்ருவேரா சாலை ஓரத்திலேயே இருக்கிறது, போகிற போக்கில் பார்க்கலாம். கர்தெட் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்பது. பீட மாடத்துக்கு அடியில் நிலவறை உண்டு. கோல் வாசலில் செதுக்கிய தூண்தலைகள் நன்றாக இருக்கும். இரண்டும் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும்.

போக்குவரத்து: பார்சிலோனாவிலிருந்து காரில் மூன்றரை நான்கு மணி நேரம். எல் போன்ட் த சுவெர்த் என்ற ஊர் தாண்டியதும் பள்ளத்தாக்குச் சாலை பிரிகிறது. அந்த ஊர் வரை பேருந்து உண்டு. அதற்கு மேல் வண்டி இல்லாவிட்டால் காத்திருந்தே நாள் போய்விடும். வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆலயங்களைச் சாத்திவிட்டு நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். முதல் தடவை நான் இரண்டு ஐந்துக்கு சான் கிளிமென் வாசலில் போய் நின்றேன், தப்பு என்னுடையதுதான். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டி, பாலாடைக்கட்டி, சாலட் என்று சமாளிக்கலாம். சூப்பில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் சாயங்காலம் குளிரும், திடீரென்று இடியோடு மழை பிடிக்கும். ஸ்வெட்டரும் நல்ல பிடிப்புள்ள செருப்பும் வேண்டும். கோயில் அலுத்துப்போன பிள்ளைகளுக்கு, போயீ ஊரிலிருந்து ஜீப் டாக்சியில் ஐகுவெஸ்தோர்தெஸ் தேசியப் பூங்காவுக்குள் போய் ஏரிகளைக் காட்டலாம்.

அருங்காட்சியகம் திங்கள்கிழமை விடுமுறை, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே மூடிவிடும். எனவே சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு ஞாயிறு காலை மலைக்குக் கிளம்புவது வசதி. திரும்பும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுற்ற மனமிருந்தால் விக் நகரம் வழியாக வாருங்கள். எரில் ஆலயத்தின் மிச்ச ஐந்து பேர் அங்கே இருக்கிறார்கள்.